பவுலிடம் பணம் எதிர்பார்த்த தேசாதிபதி: பேலிக்ஸின் கதை லஞ்சத்தைப் பற்றிச் சொல்வது என்ன?

அப்போஸ்தலர் நடபடிகள் 24-ஆம் அதிகாரத்தில், பவுலைக் காவலில் வைத்திருந்த தேசாதிபதி பேலிக்ஸ் அவரிடமிருந்து பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததாக வாசிக்கிறோம். இந்த பேலிக்ஸ் யார், குற்றமற்ற பவுல் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஊழியத்தைத் தொடர்ந்திருக்கக் கூடாதா, தனக்கு நியாயமாகச் சேர வேண்டியதைப் பெற வேறு வழியின்றிக் கொடுப்பவனும் வாங்குபவனுக்குச் சமமான குற்றவாளியா, அரசுப் பணியில் இருக்கும் விசுவாசி இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பவையே கேட்கப்பட்ட கேள்விகள். இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், சம்பவத்தை முழுவதும் பார்த்துவிட்டுப் பதிலுக்கு வருவதே முறை.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லூக்கா எழுதியிருக்கும் வரலாற்றில் பேலிக்ஸ் ஓரிடத்திலும் வாய் திறந்து பணம் கேட்கவில்லை. மிரட்டவில்லை, தூது அனுப்பவில்லை, தொகை குறிக்கவில்லை. அவன் செய்ததெல்லாம் தீர்ப்பைச் சொல்லாமல் வைத்திருந்ததுதான். லஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கை மாறும் பணத்தையே நினைக்கிறோம். இங்கே பணம் கை மாறவே இல்லை. ஆனாலும் ஒரு மனிதனின் வாழ்க்கையில் இரண்டு வருடங்கள் காவலில் கழிந்தன. வேத புத்தகத்தில் லஞ்சத்தைப் பற்றிய பகுதிகளில் இது தனித்து நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

பேலிக்ஸ் ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். அவனுடைய சகோதரன் பல்லாஸ், ரோமப் பேரரசன் கிலவுதியுவின் அரண்மனையில் கருவூலக் கணக்குகளைக் கையில் வைத்திருந்த செல்வாக்கு மிக்க அதிகாரி. கி.பி. 52-ஐ ஒட்டி பேலிக்ஸ் யூதேயாவின் தேசாதிபதியானான். அடிமையாக இருந்த ஒருவன் ஒரு மாகாணத்தை ஆளும் பதவிக்கு வருவது அந்நாளில் அரிது. அந்த உயர்வுக்குப் பின்னால் சகோதரனின் கை இருந்தது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அவன் எல்லாவிதக் கொடுமையோடும் இச்சையோடும் அரசனுக்குரிய அதிகாரத்தை அடிமைப் புத்தியோடு செலுத்தினான் என்றும், பின்பலம் இருந்ததால் எந்தத் தீமையையும் தண்டனையின்றிச் செய்யலாம் என்று எண்ணியிருந்தான் என்றும் எழுதுகிறார். அடிமையாயிருந்தவனைப் பற்றிய மேட்டுக்குடி இகழ்ச்சி அந்த வரியில் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் தரும் செய்திகள் அந்த மதிப்பீட்டுக்கு வலுச் சேர்க்கின்றன. நன்றாக ஆட்சி செய்யும்படி அடிக்கடி அறிவுறுத்தி வந்த பிரதான ஆசாரியன் யோனத்தானை பேலிக்ஸால் சகிக்க முடியவில்லை. யோனத்தானின் நம்பிக்கைக்குரிய நண்பனான டோராஸ் என்பவனுக்குப் பணம் தருவதாகச் சொல்லி, அவன் மூலமாகக் கொலைகாரர்களை ஏவி அவரைத் தீர்த்துக்கட்டினான் என்று யோசேபஸ் சொல்கிறார். லஞ்சம் வாங்க நினைத்தவன், தேவைப்பட்டபோது கொடுக்கவும் தெரிந்தவனாகவே இருந்தான்.

பவுல் இப்படிப்பட்டவனுடைய கையில்தான் ஒப்படைக்கப்பட்டார். எருசலேம் தேவாலயத்தில் எழுந்த கலவரத்திலிருந்து அவரை மீட்ட ரோமச் சேனாபதி கிலவுதியு லீசியா, அவரைக் கொல்ல நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம் செய்திருப்பதை அறிந்து, 200 காலாட்கள், 70 குதிரைவீரர்கள், 200 ஈட்டிக்காரர் ஆகியோரின் காவலோடு இரவோடு இரவாக, தேசாதிபதி இருந்த செசரியாவுக்கு அனுப்பினான். அவன் கூடவே அனுப்பிய கடிதத்தைக் கூர்ந்து வாசித்தால் அதிகார உலகம் எப்படி இயங்குகிறது என்பது புரியும். பவுல் ரோமக் குடிமகன் என்று அறிந்து அவரைக் காப்பாற்றியதாக லீசியா எழுதுகிறான். நடந்ததோ வேறு. அவரைக் கட்டி, சவுக்கால் அடித்து விசாரிக்கும்படி உத்தரவிட்ட பிறகுதான் அவர் ரோமக் குடிமகன் என்பதே அவனுக்குத் தெரியவந்தது. மேலதிகாரிக்கு எழுதும் தாளில் தன் தவறு மறைந்து, தன் சேவை மட்டும் தெரியும்படி வரிசையை மாற்றிவிட்டான். ஆனால் அதே கடிதத்தில், மரணத்துக்கோ விலங்குக்கோ ஏற்ற குற்றம் எதுவும் இவனிடத்தில் இல்லை என்றும் தெளிவாக எழுதியிருந்தான். ஆகவே வழக்கின் முதல் ஏட்டிலேயே பவுல் குற்றமற்றவர் என்ற அறிக்கை பேலிக்ஸின் மேசைக்கு வந்துவிட்டது.

ஐந்து நாட்களுக்குப் பின் பிரதான ஆசாரியன் அனனியா, மூப்பர்களையும் தெர்த்துல்லு என்னும் வழக்குரைஞனையும் அழைத்துக்கொண்டு வந்தான். இந்த அனனியா பெரும் செல்வன். ஏழை ஆசாரியர்களுக்குச் சேர வேண்டிய தசமபாகத்தை அவனுடைய ஆட்கள் களத்திலிருந்தே பலவந்தமாக எடுத்துச் சென்றதாகவும், பின்னாளில் வந்த தேசாதிபதி ஒருவனைப் பரிசுகளால் தன் வசமாக்கியிருந்ததாகவும் யோசேபஸ் எழுதுகிறார். தெர்த்துல்லுவின் பேச்சு புகழ்ச்சியோடு தொடங்குகிறது: உம்மாலே மிகுந்த சமாதானத்தை அனுபவிக்கிறோம், உம்முடைய பராமரிப்பினாலே இத்தேசத்தாருக்குச் சிறந்த நன்மைகள் நடக்கின்றன என்கிறான். நாடெங்கும் கொள்ளைக்காரர்களும் குத்துவாள் கொலைகாரர்களும் பெருகியிருந்த காலத்தில், அந்தக் கொலைகாரர்களையே தேசாதிபதி கூலிக்கு ஏவியிருந்த நாட்டில், பேசப்பட்ட சொற்கள் இவை. புகழ்ச்சியும் ஒரு காணிக்கைதான்; தீர்ப்பை எதிர்பார்த்து முன்கூட்டியே வைக்கப்படுவது.

பவுல் தம் பதிலில் புகழவில்லை. நீர் அநேக வருஷமாய் இந்த ஜனங்களுக்கு நியாயாதிபதியாயிருக்கிறீர் என்று உண்மையான ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு, சாட்சி இல்லை, ஆதாரம் இல்லை என்பதை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். அந்தப் பேச்சின் நடுவே, பல வருடங்களுக்குப் பிறகு என் ஜனத்தாருக்குத் தருமப்பணத்தை ஒப்புவிக்க வந்தேன் என்று ஒரு வாக்கியம் வருகிறது. மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகள் எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. பவுல் அதை நேர்மையின் சான்றாகச் சொன்னார். பேலிக்ஸின் காதில் அது வேறு விதமாக விழுந்திருக்க வேண்டும் என்று விளக்கவுரையாளர்கள் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே எண்ணுகிறேன். கூடாரத் தொழிலாளி ஒருவனிடம் பணம் இருக்கும் என்று ஒரு தேசாதிபதி நம்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்த மனிதனுக்குப் பின்னால் சபைகள் இருக்கின்றன, அவை இவனுக்காகப் பணம் திரட்டும் என்ற கணக்கு அங்கேயே அவனுக்குள் விழுந்திருக்கலாம்.

அப்போது அவன் சொன்னது, சேனாபதி லீசியா வரும்போது உங்கள் காரியங்களைத் திட்டமாய் விசாரிப்பேன் என்பது. கேட்பதற்கு முற்றிலும் நியாயமான காரணம். சாட்சி வர வேண்டும், ஆகவே விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது; யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் லீசியாவின் எழுத்துபூர்வமான சாட்சி ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. அதற்குப் பின் லீசியா வந்ததாகவோ, அழைக்கப்பட்டதாகவோ ஒரு சொல்லும் இல்லை. மேலும், இந்த மார்க்கத்தின், அதாவது கிறிஸ்துவைப் பின்பற்றுவோரின், காரியங்களை பேலிக்ஸ் நன்றாய் அறிந்திருந்தான் என்று லூக்கா அதே இடத்தில் குறிப்பிடுகிறார். அறியாமை என்ற சாக்கும் அவனுக்கு இல்லை.

சில நாட்களுக்குப் பின் அவன் தன் மனைவி துருசில்லாளோடு வந்து பவுலை அழைப்பித்தான். துருசில்லாள் ஏரோது அகிரிப்பா அரசனின் மகள். அப்போது ஏறக்குறைய இருபது வயதினள். எமேசாவின் அரசன் அசிசஸின் மனைவியாயிருந்தவளை, ஒரு மாயவித்தைக்காரனைத் தூதனுப்பி, கணவனைவிட்டு வரச் செய்து பேலிக்ஸ் மணந்துகொண்டான். இந்த இருவருக்கும் முன்பாக நின்றுகொண்டு பவுல் நீதியையும், இச்சையடக்கத்தையும், இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பேசினார். விடுதலைக்காகக் காத்திருக்கும் கைதி, தன்னை விடுவிக்கக் கூடியவனிடம் தேர்ந்தெடுத்துப் பேசக்கூடிய தலைப்புகளே அல்ல இவை. ஒவ்வொன்றும் கேட்பவனின் வாழ்க்கையில் நேராகச் சென்று தைப்பது. பேலிக்ஸ் பயமடைந்தான். "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். அதற்கு அடுத்த வசனத்தில்தான், பவுலை விடுதலைபண்ணும்படி அவர் தனக்குப் பணம் கொடுப்பார் என்று அவன் நம்பியிருந்ததையும், அதனால் அநேகந்தரம் அவரை அழைத்துப் பேசியதையும் லூக்கா எழுதுகிறார்.

பயமும் பேராசையும் ஒரே மனதில், ஒரே நாட்களில் குடியிருந்தன என்பதை இந்த இரண்டு வசனங்கள் காட்டுகின்றன. அவன் மனசாட்சி மரத்துப்போனவன் அல்ல. நியாயத்தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்டு நடுங்கக்கூடியவன். ஆனால் வழக்கை எப்படித் தள்ளிப்போட்டானோ அப்படியே தன் மனசாட்சியையும் தள்ளிப்போட்டான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, தேசாதிபதி அடிக்கடி ஒரு போதகரை அழைத்து ஆத்தும காரியங்களைப் பேசுகிறார் என்றே தோன்றியிருக்கும். அந்த அழைப்புகள் ஒவ்வொன்றிலும் பேசாமல் நின்றது ஒரு தொகை. பவுலைச் சந்திக்கவும் உதவி செய்யவும் அவருடைய மனுஷரைத் தடுக்க வேண்டாம் என்று நூற்றுக்கு அதிபதிக்கு அவன் இட்ட உத்தரவு மனிதாபிமானமுள்ளதுதான். ஆயினும் பணம் வர வேண்டுமானால் அது வரும் வழியும் அதுவே என்பதை மறுக்க முடியாது.

இது அந்தக் காலத்தில் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்தானே என்று சிலர் சொல்வதுண்டு. பரவலாக நடந்தது உண்மை. சட்டம் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. கி.மு. 59-இல் யூலியஸ் சீசர் கொண்டுவந்த சட்டம், அதிகாரத்தில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லவோ சொல்லாமலிருக்கவோ, ஒருவரைச் சிறையில் அடைக்கவோ விடுவிக்கவோ பணம் வாங்குவதைக் குற்றமாக்கியிருந்தது. பேலிக்ஸ் எதிர்பார்த்தது ஏறக்குறைய அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே அடங்குகிறது. இப்படிப்பட்ட ஆட்சி நீடித்தால் ஒரு சிறைச்சாலை என்னவாகும் என்பதற்கும் யோசேபஸ் சாட்சி தருகிறார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே பதவிக்கு வந்த அல்பினஸ், கைதிகளின் உறவினரிடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களை விடுவித்தான். கடைசியில் எதுவும் கொடுக்காதவர்கள் மட்டுமே குற்றவாளிகளாகச் சிறையில் மிஞ்சினார்கள் என்கிறார். சிறையில் இருப்பது குற்றத்தின் அடையாளமாக இல்லாமல், பணமின்மையின் அடையாளமாகிவிட்டது.

மோசேயின் நியாயப்பிரமாணம் இதையே வெகு காலத்துக்கு முன் சொல்லியிருக்கிறது. "பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்" என்கிறது யாத்திராகமம் 23:8. பரிதானம் என்பது லஞ்சம்தான். பார்வையில்லாதவனை அது எச்சரிக்கவில்லை. நன்றாகப் பார்க்கத் தெரிந்தவனை எச்சரிக்கிறது. உபாகமம் 10-ஆம் அதிகாரம் இன்னும் ஆழமாகச் சென்று, கர்த்தர் பட்சபாதம் பண்ணுகிறவரும் பரிதானம் வாங்குகிறவரும் அல்ல என்று தேவனுடைய குணத்திலேயே இந்தக் கட்டளையை வேரூன்றச் செய்கிறது. அடுத்த வசனம் உடனே திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் அவர் நியாயஞ்செய்வதைச் சொல்கிறது. கொடுக்க எதுவும் இல்லாதவர்கள் நியாயம் பெற வேண்டுமானால் நியாயாதிபதி எதுவும் வாங்காதவனாக இருந்தே ஆக வேண்டும் என்ற தர்க்கம் அங்கே இருக்கிறது. சாமுவேலின் மகன்களான யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் பொருளாசைக்குச் சாய்ந்து, பரிதானம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினபோது, இஸ்ரவேல் மூப்பர்கள் ஒரு ராஜாவையே கேட்கும் நிலை வந்தது. தகப்பனோ, யார் கையிலாவது பரிதானம் வாங்கினேனா என்று முழு ஜனத்தின் முன்னும் நின்று கேட்கக்கூடியவராக இருந்தார்.

நீதிமொழிகள் 17:8 பரிதானத்தை அதை வாங்குவோரின் பார்வைக்கு இரத்தினம்போல் இருக்கிறது என்றும், 21:14 இரகசியமான வெகுமதி கோபத்தைத் தணிக்கும் என்றும் சொல்கிறதே, அது அனுமதி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அவை உலகில் நடப்பதைக் கண்டு சொல்லும் வாக்கியங்கள். அதே 17-ஆம் அதிகாரத்தின் 23-ஆம் வசனம், நீதியின் வழியைப் புரட்டும்படி மடியிலுள்ள பரிதானத்தை வாங்குபவனைத் துன்மார்க்கன் என்றே பெயரிடுகிறது. ஆகவே முந்தைய வசனங்களை அனுமதிச் சீட்டாகக் காட்ட இடமில்லை.

இப்போது கொடுப்பவனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எல்லாக் கொடுத்தலும் ஒன்றல்ல என்பது என் உறுதியான கருத்து. நியாயத்தைப் புரட்டவோ, தனக்கு உரிமையில்லாததைப் பெறவோ கொடுப்பவன் வாங்குபவனோடு சமமாகவே நிற்கிறான். இயேசுவின் கல்லறைக் காவலருக்கு வேண்டிய பணத்தைக் கொடுத்துப் பொய்சொல்லச் செய்த பிரதான ஆசாரியர்களும், பணம் கொடுத்துத் தேவ வரத்தைப் பெற நினைத்து, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்று பேதுருவின் வாயால் கேட்ட சீமோனும் இந்த வகையினர். தனக்குச் சட்டப்படி சேர வேண்டியதை ஒருவன் பிடித்து வைத்துக்கொண்டு பணம் பறிக்கும்போது கொடுப்பவனின் நிலை வேறு. அங்கே நடப்பது பறிப்பு. குற்றத்தின் பாரம் பறிப்பவன்மேல் விழுகிறது. சிறையில் வாடும் மகனை மீட்க அல்பினஸுக்குப் பணம் கொடுத்த ஒரு தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை, வேதமும் அப்படி ஏற்றவில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வரிசையில் முந்துவதற்கும், அலைச்சலைக் குறைப்பதற்கும் கொடுத்துவிட்டு, வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்வது மிக எளிது. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை உண்மையாகவே தட்டிப் பார்த்தேனா என்று கொடுக்குமுன் தன்னையே கேட்க வேண்டும். அடுத்ததாக, நான் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், எனக்குப் பின்னால் நிற்கும் ஏழைக்கு அந்தத் தொகை கட்டாயமாகிறது.

பவுலிடம் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. அவர் ரோமக் குடிமகன். அதை அவர் ஆன்மிகத்துக்கு ஒவ்வாத உரிமை என்று ஒதுக்கவில்லை. பிலிப்பி பட்டணத்திலும் எருசலேமிலும் தயங்காமல் பயன்படுத்தினார். பேலிக்ஸுக்குப் பின் வந்த பெஸ்துவும் யூதருக்குத் தயவு காட்ட விரும்பி, எருசலேமுக்குப் போய் அங்கே நியாயம் விசாரிக்கப்பட உனக்குச் சம்மதமா என்று கேட்டபோது, இராயனுக்கு அபயமிடுகிறேன், அதாவது ரோமப் பேரரசனிடமே மேல்முறையீடு செய்கிறேன், என்றார். அந்த உரிமை இல்லாத எத்தனையோ கைதிகள் அதே செசரியாவில் இருந்திருப்பார்கள். கல்வி, சட்ட அறிவு, முறையிடும் வழி ஆகியவை கையில் உள்ளவன், அவை இல்லாதவனைக் காட்டிலும் அதிகமாக லஞ்சத்தை மறுக்கக் கடமைப்பட்டவன் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் ஏன் பணம் கொடுக்கவில்லை என்பதற்கு லூக்கா காரணம் எழுதவில்லை. ஆனால் பவுல் எப்படிப் பணத்தைக் கையாண்டார் என்பதற்கு எழுத்து இருக்கிறது. அந்தத் தருமப்பணத்தைத் தனியாகத் தூக்கிச் செல்லாமல், ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதி, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூடச் சேர்த்துக்கொண்டவர் அவர். ஏழைகளுக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ, அதைக் கொடுத்த சபைகளிடம் மீண்டும் கேட்டு வாங்கும் பணத்தையோ ஒரு தேசாதிபதியின் மடியில் கொட்டுவது அவருடைய வழிக்கு முற்றிலும் முரணானது. அதோடு, நீதியையும் நியாயத்தீர்ப்பையும் பேசிவிட்டுப் பணத்தையும் நீட்டியிருந்தால், அந்தப் பேச்சுக்கு பேலிக்ஸ் பிறகு எப்போதாவது நடுங்கியிருப்பானா? இந்த மறுப்புக்கு விலை இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. துருசில்லாளின் சகோதரனான இரண்டாம் அகிரிப்பாவே விசாரணையின் முடிவில், இந்த மனுஷன் இராயனுக்கு அபயமிடாதிருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம் என்று சொன்னான். பவுலோ கட்டப்பட்டவராகவே கப்பலேறினார்.

பதவியில் இருக்கும் விசுவாசிக்கு இதில் மிக நெருக்கமான பாடம் தாமதம்தான். தன்னிடம் வந்த காரியம் முடிவெடுக்கத் தயாரான பின்பும் அது மேசையில் கிடக்குமானால், ஏன் கிடக்கிறது என்று அவன் தன்னையே கேட்க வேண்டும். நான் ஒரு காசும் கேட்டதில்லை என்று பேலிக்ஸாலும் சத்தியம் செய்திருக்க முடியும். யோவான் ஸ்நானனிடம் வந்த ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்கள்) சேவகரும் (போர்வீரர்கள்) நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய, அன்றைக்கே தொடங்கக்கூடிய மனந்திரும்புதல் அது. சமயமானபோது பார்ப்போம் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

லஞ்சம் பணமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடங்களுக்குப் பின் பதவி மாறியபோது, யூதருக்குத் தயவுசெய்ய மனதாய் பேலிக்ஸ் பவுலைக் காவலில் விட்டுச் சென்றான். பணம் வராது என்று தெரிந்த பிறகு, அதே கைதியை வேறொரு ஆதாயத்துக்கு மாற்றிக்கொண்டான். தன் ஆட்சியைப் பற்றிக் குறை சொல்லக்கூடியவர்களின் நல்லெண்ணம்தான் அந்த ஆதாயம். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. செசரியாவின் யூதத் தலைவர்கள் ரோமாபுரிக்கே சென்று அவன்மேல் குற்றஞ்சாட்டினார்கள். சகோதரன் பல்லாஸ் பேரரசன் நீரோவிடம் மன்றாடியதால்தான் தண்டனையிலிருந்து தப்பினான் என்று யோசேபஸ் எழுதுகிறார்.

அவன் தப்பிவிட்டானே என்று கேட்டால், ஆம், இந்த உலகத்தின் நீதிமன்றத்தில் தப்பினான். லஞ்சம் வாங்கினவன் இம்மையிலேயே அழிவான் என்று போதிப்பவர்கள் இரண்டாம் இராஜாக்களில், எலிசா தீர்க்கதரிசி மறுத்த வெகுமதியைப் பொய்சொல்லி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசியின் குஷ்டரோகத்தை உடனே எடுத்துக்காட்டுகிறார்கள், பேலிக்ஸைக் காட்டுவதில்லை. லூக்கா அவனுக்கு ஒரு தண்டனையும் எழுதாமல் நிறுத்திவிட்டார். அவர் எழுதியது கைதியின் கணக்கை: குற்றமற்றவன் என்று முதல் நாளே எழுத்தில் வந்த ஒருவன், பணம் கொடுக்காததால் இரண்டு வருடம் காவலில் இருந்தான். பதவியில் உள்ளவரிடம் இதைப் பேசும்போது வாங்கினவனுக்கு என்ன ஆயிற்று என்ற இடத்தில் தொடங்காமல், காத்திருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்ற இடத்தில் தொடங்குமாறு கேள்வி கேட்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்.